மதராஸ் கிருமி

என் பெரியம்மாவுக்குத் தனி டம்ளர் ஒன்று இருந்தது. எவர்சில்வர். விளிம்புக்குக் கீழே 'க' என்று ஓர் எழுத்து வெட்டியிருக்கும். மற்றப் பாத்திரங்களோடு அது சேராது. கொல்லைப்புற ஜன்னல் திண்டில், ஒரு தட்டின்மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அவளே கழுவி அவளே கவிழ்க்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு நெசவுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். போய் எட்டு மாதத்தில் அவளுடைய கொழுந்தன் இருமி ரத்தம் கக்கினான். அதற்கு அடுத்த ஆண்டு அவளுக்கே வந்தது. "பட்டணத்துப் பொண்ணு, வரும்போதே கொண்டாந்துட்டா" என்று மாமியார் சொன்னதை வீடு ஏற்றுக்கொண்டது, தெரு ஏற்றுக்கொண்டது, சில வருடங்களில் எங்கள் வீட்டிலும் பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள். கொழுந்தன் பிழைத்தான். பெரியம்மாவும் பிழைத்தாள். ஆனால் அந்த டம்ளர் கடைசிவரை ஜன்னலிலேயே இருந்தது.

யார் யாருக்குக் கொடுத்தார்கள்? காசநோயில் இது மிகப் பழைய கேள்வி. குடும்பங்கள் இதற்கு ஒரே ராத்திரியில் பதில் கண்டுபிடித்துவிடும். அறிவியலுக்கு நூறு வருடத்துக்கும் மேல் ஆனது. அந்த நீண்ட கதையின் ஒரு முக்கியமான இழை, பெரியம்மா மருமகளாகப் போன அதே காலகட்டத்தில், அந்த ஊரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், சேத்துப்பட்டில் தொடங்கியது என்பதை நான் வெகு பின்னாளில்தான் படித்தேன்.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் திறந்தன. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர்களிடம் இருந்த கேள்வி எளிமையானது, பணம் சம்பந்தப்பட்டது: நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்தே ஆகவேண்டுமா?

சானடோரியம் என்ற சொல் நமக்கு ஒரு ரயில் நிலையமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. தாம்பரத்துக்கு முந்திய நிறுத்தம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் விடுதிதான் அந்தப் பெயருக்குக் காரணம். நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. மருந்து என்று சொல்ல எதுவும் கிடையாது. 1948-ல் புதுமைப்பித்தன் இந்த நோயில்தான் போனார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் முடிவுகள் அச்சில் வந்தன. அதற்காக அவரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று மனக்கணக்குப் போட வேண்டாம். அந்தச் சோதனையே ஒரு பாதி வெற்றிதான். 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இந்த இடைவெளி பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது: 32 பேர், 35 பேர். காரணம், கிருமி மாறிவிட்டது. மருந்தால் சாகாத கிருமி நோயாளிகளின் நுரையீரலுக்குள்ளேயே தலையெடுத்திருந்தது.

அப்படித் தலையெடுத்த கிருமிகளை லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் ஆராய்ந்தவர் டெனிஸ் மிட்சிசன் என்ற இளம் நுண்ணுயிரியலாளர். பத்தாண்டு கழித்து அவர்தான் சேத்துப்பட்டு மையத்தின் ஆய்வுகளுக்கு நுண்ணுயிரியல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்.

மிட்சிசனைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். இவருடைய தாய் நவோமி மிட்சிசன் என்ற நாவலாசிரியை. தாய்மாமன் ஜே.பி.எஸ். ஹால்டேன். அண்ணனும் தங்கையுமாகச் சிறு வயதில் வீட்டுத் தோட்டத்தில் கினிப்பன்றிகளை வளர்த்து மெண்டலின் பாரம்பரிய விதிகளைச் சோதித்தவர்கள். ஹால்டேன் 1935-ல் மனித மரபணுவில் பிறழ்வு எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை முதன்முதலில் கணக்கிட்டார். 1957-ல் இங்கிலாந்தே வேண்டாம் என்று கல்கத்தாவுக்கு வந்து, வேட்டியும் ஜிப்பாவுமாக வாழ்ந்து, 1964-ல் புவனேசுவரத்தில் இறந்தார். மாமன் இந்தியாவுக்குக் குடிவந்த அதே வருடங்களில் மருமகன் இந்தியக் கிருமிகளை லண்டனுக்கு வரவழைத்துக்கொண்டிருந்தார். மாமன் ஆராய்ந்தது மனிதனின் பிறழ்வு, மருமகன் ஆராய்ந்தது கிருமியின் பிறழ்வு. கினிப்பன்றி இரண்டு தலைமுறைக்கும் பொது.

முதலில் சேத்துப்பட்டின் புகழ்பெற்ற முடிவைச் சொல்லிவிடுகிறேன். 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவரவர் வீட்டுக்கு. இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், உடம்பு தேறியதும் வேலைக்குப் போனார்கள். ஆனாலும் கிட்டத்தட்ட மற்றவர்கள் அளவுக்கே குணமானார்கள். 1959-ல் இது வெளியானபோது உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு ஒரு பெரிய காரணமாக அமைந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதன் தொடர்ச்சி. நோயாளிகளின் வீட்டினரை ஐந்து வருடம் விடாமல் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நோயாளியை ஒரு வருடம் பிரித்து வைத்த குடும்பங்களைவிட, கூடவே வைத்துக்கொண்ட குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவவில்லை. பரவ வேண்டியது, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னாலேயே பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் தொற்றும் திறன் வேகமாகக் குறைந்துவிடுகிறது.

அதாவது பெரியம்மாவின் டம்ளரை ஜன்னலில் ஏற்றியபோது அதற்கு எந்த அர்த்தமும் இருக்கவில்லை. எப்போதுமே இருந்ததில்லை என்றும் சொல்லலாம். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் வெல்ஸும் ஆறு படுக்கைகள் கொண்ட ஒரு காசநோய் வார்டின் காற்றை மட்டும் குழாய் வழியாக மேல்மாடிக்கு இழுத்து, அங்கே கூண்டுகளில் இருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். தட்டு, டம்ளர், தொடுகை எதுவும் கிடையாது. வெறும் காற்று. கினிப்பன்றிகளுக்கு நோய் வந்தது. இன்னொன்றும் செய்தார்கள், இந்தக் கட்டுரைக்கு அதுதான் தேவை. ஒவ்வொரு கினிப்பன்றியின் கிருமியும் எந்தெந்த மருந்துக்கு அசைகிறது, எதற்கு அசையவில்லை என்று பார்த்து, கீழே வார்டில் இருந்த நோயாளிகளின் கிருமியோடு ஒப்பிட்டார்கள். எந்த நோயாளி எந்தக் கினிப்பன்றிக்குக் கொடுத்தார் என்று பல நேரங்களில் சொல்ல முடிந்தது. சிலர் பலவற்றுக்குக் கொடுத்திருந்தார்கள், பலர் ஒன்றுக்குக்கூடக் கொடுக்கவில்லை. கிருமியில் ஏற்பட்ட மாற்றத்தை அடையாளமாக வைத்து நோயின் வழியைத் தேடும் முயற்சி அங்கே தொடங்கிவிட்டது. ஜீன் என்பது என்ன எழுத்துகளால் ஆனது என்று படிக்கத் தெரியாத காலம் அது.

இப்போது மதராஸ் கிருமிக்கு வருவோம்.

சேத்துப்பட்டு நோயாளிகளின் சளியிலிருந்து எடுத்து வளர்த்த கிருமிகளை மிட்சிசன் கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். ஒப்பிடுவதற்குப் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகள். சில வாரம் கழித்து அறுத்து, மண்ணீரல், கல்லீரல், நுரையீரலில் எவ்வளவு சேதம் என்று மதிப்பெண் போட்டார்கள். கினிப்பன்றி காசநோய்க்கு மிகவும் எளிதில் விழுகிற பிராணி. ராபர்ட் கோக் காலத்திலிருந்து அதுதான் உரைகல். பிரிட்டிஷ் கிருமிகள் எதிர்பார்த்தபடியே அவற்றைச் சிதைத்தன. மதராஸ் கிருமிகளில் பெரும்பகுதி அப்படிச் செய்யவில்லை. நோய் வந்தது, ஆனால் மெதுவாக, குறைவாக. சில கிருமிகள் கிட்டத்தட்ட சாது.

1960-ல் இது வெளியானது. அதே ஆண்டு டி.வி. சுப்பையா, மிட்சிசன், செல்கன் மூவரும் இன்னொன்றையும் காட்டினார்கள். மதராஸ் கிருமிகள் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாங்குவதில்லை. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதே திரவம். நம் உடலின் வெள்ளணுக்களும் விழுங்கிய கிருமியைக் கொல்ல இந்த வகைப் பொருளைத்தான் சுரக்கின்றன. பிரிட்டிஷ் கிருமி ஓரளவு சமாளிக்கும். மதராஸ் கிருமி செத்துப்போகும்.

இது ஒரு விசித்திரம். ஏனென்றால் சேத்துப்பட்டுக்கு வந்த மனிதர்கள் சாதுவான நோயோடு வரவில்லை. நுரையீரலில் குழிவிழுந்து, எலும்பும் தோலுமாக வந்தார்கள். கினிப்பன்றிக்கு மெலிந்ததாகத் தெரிந்தது மனிதனுக்கு மெலிந்ததாக இல்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 'தென்னிந்திய வகை' என்று ஒரு பெயர் மட்டும் வைத்துவிட்டு ஆய்வுலகம் நகர்ந்துவிட்டது.

இருபது வருடம் கழித்து அந்தப் பெயர் மறுபடி வெளியே வந்தது, ஒரு பெரிய தோல்விக்கு விளக்கம் தேடும்போது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. 2,80,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் திரவம். உலகத்தில் அதுவரை அவ்வளவு பெரிதாக யாரும் செய்ததில்லை. பிரிட்டனில் பி.சி.ஜி. நன்றாக வேலை செய்திருந்ததால், இங்கேயும் செய்யும் என்றுதான் நினைத்தார்கள். முடிவு வந்தபோது பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு பூஜ்யம். சரியாகப் படியுங்கள், குறைவு இல்லை, பூஜ்யம். (குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக்கு எதிராக பி.சி.ஜி. பயன்படுகிறது, ஆகவே பிறந்த குழந்தைக்குப் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம்.) நிபுணர்கள் உட்கார்ந்து காரணங்களை யோசித்தார்கள். மண்ணிலும் நீரிலும் இருக்கிற வேறு மைக்கோபாக்டீரியாக்கள் நம் மக்களுக்கு ஏற்கெனவே ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கலாம் என்றார்கள். தென்னிந்தியக் கிருமியே வேறு மாதிரி என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதைச் சரிபார்க்க வழியில்லை. கிருமி வேறு மாதிரி என்றால் எதில் வேறு, எவ்வளவு வேறு?

இதற்குப் பதில் சொல்ல கிருமியின் எழுத்தைப் படிக்க வேண்டும்.

எழுத்து என்று சொல்வது உவமைக்காக மட்டும் இல்லை. ஏட்டுச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏட்டைப் பார்த்து இன்னொருவர் பெயர்த்தெழுதுகிறார். எங்கோ ஓர் எழுத்துப் பிழை. அந்தப் பிரதியிலிருந்து எழுதப்பட்ட எல்லாப் பிரதிகளிலும் அதே பிழை வரும். உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை ஒப்பிட்டு எந்த ஏடு எந்த ஏட்டின் வழி வந்தது என்று ஊகித்ததெல்லாம் இந்த வழியில்தான். சரியான எழுத்துகள் யாருடைய வழி என்பதைக் காட்டாது, எல்லா ஏட்டிலும் அவை ஒன்றுதான். பிழைகள்தான் வம்சாவளியைச் சொல்லும்.

காசநோய்க் கிருமி இந்த விஷயத்தில் ஓர் அபூர்வமான எழுத்தர். அதன் மரபணுத்தொகுதியில் சுமார் 44 லட்சம் எழுத்துகள். 1998-ல் ஸ்டூவர்ட் கோல் குழு முழுவதையும் முதன்முறையாகப் படித்தது. நம் குடலில் இருக்கும் ஈ. கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும். இது இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். மற்ற பாக்டீரியாக்கள் பக்கத்து வீட்டு ஜீனைக் கடன் வாங்கும், ஏடுகள் கலந்துபோகும், எது யாருடைய வழி என்று சொல்ல முடியாது. இது அநேகமாக யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. மருந்துக்கு அசையாத தன்மையைக்கூடத் தானே பிழை செய்துதான் அடைகிறது. ஒரு நுரையீரல் குழியில் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். ஐசோனியசிடுக்கு அசையாதது சுமார் பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு அசையாதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. ஒரே மருந்தைக் கொடுத்தால் அந்த ஒன்று பிழைத்துப் பெருகி வீட்டை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் சேர்ந்து அசையாத ஒன்று தற்செயலாக இருப்பதற்கு ஒரு மனித உடம்பு போதாது. நாலு மாத்திரையைச் சேர்த்து விழுங்கச் சொல்வதன் பின்னால் இருக்கிற மொத்தக் கணக்கும் இதுதான்.

அந்தக் கணக்கைக் காற்றில் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நடால் மாகாணத்தில் டுகெலா ஃபெரி என்ற சிற்றூர் சாட்சி. 2006-ல் வெளியான அறிக்கையின்படி அங்கே ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் அசையாத காசநோய் 53 பேருக்கு இருந்தது. 52 பேர் இறந்துவிட்டார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாள்கூடத் தாண்டவில்லை. பரிசோதிக்கப்பட்ட எல்லோருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. எல்லோரும் இதைத் திடீரென்று முளைத்த பூதம் என்று நினைத்தார்கள். பிறகு அந்தக் கிருமியின் வம்சாவளியைப் பிழை பிழையாகப் பின்னோக்கிப் படித்தபோது, ஐசோனியசிடை வெல்லும் முதல் பிழை சுமார் 1957-லேயே விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த மருந்து வந்து ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. அதன்மேல் ஒவ்வொரு புது மருந்துக்கும் ஒவ்வொரு பிழையாக அடுக்கி, ஐம்பது வருடம் பொறுமையாக, யார் கண்ணிலும் படாமல் பரவியிருக்கிறது.

சரி, தடம் பார்க்கும் கதைக்குத் திரும்பலாம். முழு மரபணுத்தொகுதியைப் படிக்க முடியாத 1990களில் ஒரு குறுக்கு வழி இருந்தது. கிருமியின் டி.என்.ஏ.வுக்குள் ஐ.எஸ். 6110 என்றொரு துண்டு உண்டு. அது இடம் விட்டு இடம் தாவும், தன்னையே பிரதியெடுத்துக்கொள்ளும். எங்கெங்கே எத்தனை உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஃபிலிமில் கறுப்புக் கோடுகள் விழும், கடையில் பொருள்மேல் ஒட்டியிருக்கும் கோடுகள் மாதிரி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு கிருமிக்குப் பத்து, பதினைந்து கோடுகள். இருவருடைய கோடுகள் ஒத்துப்போனால் இருவரும் ஒரே சங்கிலி. 1994-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 473 நோயாளிகளை இப்படிப் பார்த்து, 191 பேருக்கு நோய் சமீபத்தில்தான் தொற்றியிருக்கிறது என்றார்கள். 'உனக்கு யாரோடு பழக்கம்' என்று கேட்டுத் தொடர்பைத் தேடும் வழக்கமான முறை அவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் தொடர்பைக் காட்டியிருந்தது. பழக்கவழக்கத்தை வைத்துச் சங்கிலியை ஊகிப்பதன் லட்சணம் அவ்வளவுதான். மாமியார்களின் விசாரணை முறையும் அதுதானே.

இந்த அருமையான முறையை சேத்துப்பட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே வேலை செய்யவில்லை. நம்ம ஊர்க் கிருமிகளில் பெரும் பங்குக்கு ஒரே ஒரு கோடு. சிலவற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கைரேகை எடுக்கப் போனவருக்குத் தேய்ந்த விரல் கிடைத்தது போல. அடுத்து வந்த வேறொரு முறையும் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே குலத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது. கிருமிகள் எல்லாம் அண்ணன் தம்பி போல இருந்தன. இதில் ஓர் ஆபத்து உண்டு. இந்த முறைகளை நம்பி யாராவது பெரியம்மாவின் கிருமியையும் கொழுந்தனின் கிருமியையும் 1990களில் ஒப்பிட்டிருந்தால் 'ஒன்றுதான்' என்றுதான் அறிக்கை வந்திருக்கும். ஊரில் பாதிப் பேருடைய கிருமியோடும் அது ஒத்துப்போயிருக்கும் என்பதை யார் கேட்டிருப்பார்கள்? தீர்ப்புக்கு முத்திரை விழுந்திருக்கும்.

கோடில்லாத அந்தக் கிருமி உண்மையில் என்னவென்று 2002-ல் ஒரு பிடி கிடைத்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ரோலண்ட் பிராஷ் குழு உலகின் பல இடத்துக் கிருமிகளை ஒப்பிட்டபோது, ஐரோப்பிய, சீன, வட இந்தியக் கிருமிகளில் பெரும்பாலானவற்றில் சுமார் 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு உதிர்ந்துபோயிருந்தது. அதற்கு டி.பி.டி. 1 என்று பெயரிட்டார்கள். எங்கோ, எப்போதோ, ஒரே ஒரு கிருமியில் நடந்த இழப்பு. அதன் சந்ததிதான் உலகத்தை வளைத்தது. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கும் பழைய குலங்கள் சில பகுதிகளில் மட்டும் தங்கின. அதில் முதல் குலம், இப்போது முதலாம் வம்சம் என்று எண்ணிடப்பட்டிருப்பது, இந்துமாக்கடலின் ஓரமாக வாழ்கிறது: தென்னிந்தியா, பர்மா, தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கா. பருவக்காற்றை நம்பிக் கப்பல் ஓடிய கரைகள் என்று படத்தைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றும்.

எப்போது பிரிந்தன என்பதில் மட்டும் பெரிய சண்டை. மனிதன் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே இதுவும் கூடக் கிளம்பியது, 70,000 ஆண்டு என்று 2013-ல் ஒரு தரப்பு. மறு வருடமே, பெருவில் புதைந்திருந்த ஆயிரம் வருடத்து எலும்புகளில் கிடைத்த கிருமியைப் படித்துவிட்டு, மொத்தக் குடும்பத்துக்கும் வயது 6,000-க்கும் குறைவு என்று இன்னொரு தரப்பு. பிழை எந்த வேகத்தில் விழுகிறது என்று எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து விடை மாறுகிறது. எனக்கு இரண்டாவது கணக்கில்தான் நம்பிக்கை, அதற்கு ஓர் எலும்பாவது கையில் இருக்கிறது.

2020-ல் மீண்டும் பாஸ்டர் நிறுவனத்தார். இந்த முறை உதிர்ந்த துண்டை ஒரு கிருமியில் திரும்ப ஒட்டினார்கள், இன்னொன்றில் இருந்ததை வெட்டினார்கள். துண்டு இல்லாத கிருமி ஆக்சிஜன் சார்ந்த தாக்குதலையும் காற்றில்லா இருப்பையும் நன்றாகத் தாங்கியது. கினிப்பன்றிக்குள் அதிக மூர்க்கம் காட்டியது. துண்டு இருக்கும் பழைய கிருமி இரண்டிலும் மெலிவு.

ஹைட்ரஜன் பெராக்சைடும் கினிப்பன்றியும். 1960-ல் சுப்பையாவும் மிட்சிசனும் விட்டுவைத்த இரண்டு முடிச்சுகளுக்கும் ஒரே இடத்தில் ஒரு நுனி அகப்பட்டது. மிட்சிசன் 2018-ல், தொண்ணூற்றெட்டு வயதில் காலமாகிவிட்டார். இரண்டு வருடம் பொறுத்திருந்தால் படித்திருப்பார்.

ஆனால் மெலிந்த கிருமி ஏன் நம் மனிதர்களை இவ்வளவு கொன்றது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. பழைய குலம் மனிதனுக்குள் அவசரப்படாமல் பல வருடம் உட்கார்ந்திருக்கப் பழகியது, நெரிசலான நகரங்கள் வருவதற்கு முந்திய வாழ்க்கைக்கு அது ஏற்ற குணம் என்று ஒரு பேச்சு உண்டு. வியட்நாமில் ஹோ சி மின் நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கிருமிகளைப் படித்தவர்கள், பெய்ஜிங் குலம் ஆளுக்கு ஆள் வேகமாகப் பரவுவதையும் உள்ளூரில் வேரோடிய முதலாம் வம்சம் அப்படிப் பரவாததையும் கண்டார்கள். கினிப்பன்றி மூன்று மாதத்தில் அறுக்கப்பட்டுவிடுகிறது. மனிதனுக்கு நாற்பது வருடம் இருக்கிறது.

இன்று முழு மரபணுத்தொகுதியையும் படிப்பது சாதாரணமாகிவிட்டது. கோடு இல்லாத கிருமி என்ற பிரச்சினை இனி இல்லை, 44 லட்சம் எழுத்தையும் படித்தால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பிழை உண்டு. 2013-ல் இங்கிலாந்தில் ஒரே வீட்டில் நோயுற்றவர்களின் கிருமிகளை ஒப்பிட்டு ஒரு கடிகாரம் கண்டார்கள்: வருடத்துக்கு அரை எழுத்து. இரண்டு வருடத்துக்கு ஒரு பிழை. இருவருடைய கிருமிகளுக்கு இடையே வித்தியாசம் 5 எழுத்துக்குள் இருந்தால் அண்மைத் தொடர்பு இருக்கலாம். 12-ஐத் தாண்டினால் நேரடித் தொடர்பு இல்லை என்று கொள்ளலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பழைய முறை ஒரே பரவல் என்று சொன்னதை முழு எழுத்தையும் படித்துப் பார்த்தபோது, இரண்டு தனித்தனிச் சங்கிலிகள் ஒரே காலத்தில் ஓடியிருந்தது தெரிந்தது.

இந்தக் கடிகாரத்தின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். 'இவர் கொடுக்கவில்லை' என்று அது உறுதியாகச் சொல்லும். 'இவர்தான் கொடுத்தார்' என்று சொல்ல அதற்குத் தயக்கம். இரண்டு வருடத்துக்கு ஒரு பிழை என்றால், எட்டு மாத இடைவெளியில் நோயுற்ற மூன்று பேரின் கிருமிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கக்கூடும். யார் முதல், யார் அடுத்து என்று அதில் எழுதியிருக்காது. போதாததற்குத் தொற்று வேறு, நோய் வேறு. கிருமி உள்ளே போனவர்களில் பத்தில் ஒருவருக்குக் கீழேதான் நோயாக வெளிப்படும். சிலருக்கு ஆறே மாதத்தில், சிலருக்கு முப்பது வருடம் கழித்து. முதலில் இருமியவர் முதலில் வாங்கியவர் என்று அர்த்தமில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். டம்ளர் இப்போது அம்மாவிடம்தான் இருக்கிறது. பெரியம்மா போனபிறகு கேட்டு வாங்கி வந்தாளாம். வெந்தயம் போட்டு வைத்திருக்கிறாள்.

"அப்ப உங்க பெரியம்மா கொண்டு போகலேன்னு இப்ப சோதிச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியாதும்மா. அப்ப எடுத்த சளியெல்லாம் இப்ப எங்க இருக்கும்?"

கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டுல அவ மாமனார் இருந்தாரே, தறிக்குழியில உக்காந்து நாள் பூரா இருமிட்டே இருப்பாரு. அக்காவ அழைச்சிட்டுப் போன அன்னிக்கே எனக்கு நினைப்பிருக்கு, திண்ணையில உக்காந்து இருமுறாரு, எதிர்ல மண்ணு போட்ட கொட்டாங்கச்சி. துப்புறதுக்கு."

"அவருக்கு என்னவாம்?"

"இழுப்புன்னு சொன்னாங்க."

"சளி எடுத்துப் பாத்தாங்களா?"

"அவரு வீட்டுக்குப் பெரியவருடா" என்றாள் அம்மா. "அவருகிட்டப் போயி யாரு கேப்பா?"